அண்ணனுக்கு ஒரு விபிஎன், எனக்கு ஒரு விபிஎன்

விபிஎன் என்பது உங்கள் இணையப் போக்குவரத்தைப் பூட்டி, தன் சர்வர் வழியாகக் கொண்டுபோகும் சேவை. எந்த விபிஎன் வாங்கலாம் என்று யாராவது கேட்டால், யார் கண்ணை மறைக்க வேண்டும் என்று நான் திருப்பிக் கேட்பேன். கேட்டவர் கொஞ்சம் தடுமாறிவிட்டு, "எல்லார் கண்ணையும்தான்" என்பார். அப்படி ஒரு சரக்கு எங்கும் விற்பனைக்கு இல்லை. விபிஎன் சிலருடைய கண்ணை மறைக்கும். அதற்குப் பதிலாக, இதுவரை உங்களைப் பார்க்காத ஒரு நிறுவனத்தை உங்கள் வீட்டு இணையத்துக்குள் கூட்டிவரும். இந்தப் பண்டமாற்று லாபமா நஷ்டமா என்பது ஆளுக்கு ஆள் மாறும். எனக்கு லாபம். என் அண்ணனுக்கு இல்லை.

அண்ணன் கேட்டதற்குக் காரணம் ஒரு வீடியோவுக்கு நடுவில் வந்த விளம்பரம். உங்கள் வங்கிக் கணக்கை ஹேக்கர்கள் எட்டிப் பார்க்கிறார்கள், இரண்டு வருடத் திட்டம், கூடுதலாகச் சில மாதம் இலவசம், மூலையில் ஓடும் கடிகாரம். (அந்தப் பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்து பார்த்தேன். கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடியது.) "பேங்க் வேலையெல்லாம் போன்லதான் பண்றேன். வாங்கிடட்டுமா? நீதானே இதெல்லாம் நோண்டுறவ" என்றார்.

அந்த விளம்பரம் காட்டுகிற பயம் 2010-ம் ஆண்டுக்கு உரியது. அப்போது ஃபயர்ஷீப் என்று ஃபயர்ஃபாக்ஸுக்கு ஒரு துணைநிரல் வந்தது. பூட்டில்லாத பொது வைஃபையில் அதை ஓடவிட்டால், அதே வைஃபையில் இருக்கும் மற்றவர்களின் ஃபேஸ்புக், ட்விட்டர் கணக்குகளுக்குள் ஒரே கிளிக்கில் நுழைந்துவிடலாம். பல தளங்கள் பாஸ்வேர்டு போடும் பக்கத்தை மட்டும் குறியாக்கம் செய்துவிட்டு, அதற்குப் பிறகு போகும் குக்கியை (உள்ளே நுழைந்தவர் நீங்கள்தான் என்று காட்டும் சீட்டு) அப்படியே திறந்தபடி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அப்புறம் நிலைமை மாறியது. 2015 கடைசியில் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு, குறியாக்கத்துக்கு வேண்டிய சான்றிதழை எல்லாத் தளங்களுக்கும் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. 2018 ஜூலையில் குரோம், எச்டிடிபிஎஸ் (குறியாக்கம் செய்த இணைப்பு) இல்லாத எல்லாத் தளங்களையும் பாதுகாப்பற்றவை என்று முத்திரை குத்தத் தொடங்கியது. இன்றைக்கு வங்கி ஆப்பிலிருந்து வங்கியின் சர்வர் வரைக்கும் போகிற வழி முழுக்கக் குறியாக்கம்தான். நடுவில் இருக்கும் வைஃபைக்காரரோ இணைய நிறுவனமோ உங்கள் பாஸ்வேர்டைப் பார்க்க முடியாது. ராணுவத் தரம் என்று விளம்பரத்தில் பெருமையடிக்கும் ஏஇஎஸ்-256 என்ற குறியாக்க முறை, எந்தப் பிரவுசரிலும் சும்மாவே இருக்கிற சமாச்சாரம்.

வங்கிப் பணம் உண்மையில் போவது போலி எஸ்எம்எஸ்ஸில் வரும் லிங்க்கை அழுத்துவதாலும், பேசிப் பேசி ஓடிபியைக் கறந்துவிடுவதாலும்தான். அங்கே விபிஎன்னுக்கு வேலையே இல்லை. போலித் தளத்துக்கு உங்களைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான்.

சரி, இணைய நிறுவனம் எதைத்தான் பார்க்கிறது? இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட ஒருமுறை கண்ணால் பார்ப்பது நல்லது. வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருளை என் லேப்டாப்பில் போட்டு, அதிலிருந்து வெளியே போகும் பாக்கெட்டுகளை, அதாவது தரவுத் துண்டுகளை, ஓடவிட்டுப் பார்த்தேன். விபிஎன் இல்லாதபோது முதலில் கண்ணில் படுவது டிஎன்எஸ் கேள்விகள். இந்தப் பெயருள்ள தளத்தின் முகவரி என்ன என்று என் கணினி கேட்பது எந்த மூடாக்கும் இல்லாமல் எழுத்து எழுத்தாகத் தெரிகிறது. அடுத்து, அந்தத் தளத்தோடு பேச்சைத் தொடங்கும்போது அனுப்பும் முதல் வணக்கத்திலேயே தளத்தின் பெயர் மறுபடி வருகிறது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் அர்த்தமில்லாத எழுத்துக்குப்பை. ஆக, நான் மருத்துவத் தளம் ஒன்றுக்குப் போனேன் என்பது தெரியும். எந்த நோயைப் பற்றிப் படித்தேன் என்பது தெரியாது. எத்தனை மணிக்குப் போனேன், எவ்வளவு தரவு வந்தது என்பதெல்லாம் தெரியும். பெயர்களை வைத்தே ஒரு ஆளைப் பற்றி நிறையச் சொல்லிவிடலாம் என்பதால் இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் விளம்பரம் சொல்கிற அளவுக்கு வீடு திறந்து கிடக்கவும் இல்லை.

டிஎன்எஸ் ஓட்டையை அடைக்கக் காசு செலவழிக்க வேண்டாம். பிரவுசர் அமைப்பிலேயே டிஎன்எஸ்ஸை எச்டிடிபிஎஸ் வழியாக அனுப்பும் வசதி இருக்கிறது. முதல் வணக்கத்தில் இருக்கும் பெயரையும் மூடுவதற்கு ஈசிஎச் என்று ஒரு முறை உண்டு. 2023 முதல் ஃபயர்ஃபாக்ஸிலும் குரோமிலும் இருக்கிறது, ஆனால் எதிரே இருக்கும் தளமும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். இரண்டுமே சரியாக நடந்தாலும் எந்த ஐபி முகவரிக்கு, அதாவது எந்த சர்வரின் எண் முகவரிக்கு, போகிறீர்கள் என்பது தெரிந்துகொண்டேதான் இருக்கும்.

இப்போது விபிஎன்னைப் போட்டுவிட்டு அதே வயர்ஷார்க்கைப் பார்த்தால் திரை வெறிச்சோடிவிடும். ஒரே ஒரு ஐபி முகவரி. அதற்குப் போய் வரும் யுடிபி என்ற வகைப் பாக்கெட்டுகள். பெயர் இல்லை, டிஎன்எஸ் இல்லை. உறைக்குள் உறை வைத்து ஒட்டிய கடிதம் மாதிரி. வெளி உறையில் விபிஎன் நிறுவனத்தின் முகவரி மட்டும்தான். ஆனால் அந்த நிறுவனம் வெளி உறையைப் பிரித்து, உள் உறையை எடுத்துத்தானே அடுத்த இடத்துக்கு அனுப்ப வேண்டும்? இணைய நிறுவனம் இதுவரை பார்த்துக்கொண்டிருந்ததை இனிமேல் அவர்கள் பார்க்கிறார்கள். தளங்களின் பெயர், நேரம், அளவு எல்லாமே. விபிஎன் வாங்குவது என்றால் இவர்களை நம்புகிறேன் என்று முடிவெடுப்பது. வேகம், நாடுகளின் எண்ணிக்கை, அழகான ஆப் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எனக்கு ஏன் லாபம் என்றேனே, காரணம் இதுதான். நாங்கள் இருக்கும் வீட்டில் இணையம் வாடகையோடு சேர்ந்து வருகிறது. ரவுட்டர் கீழ்தளத்தில், வீட்டு உரிமையாளர் கையில். நிர்வாகப் பக்கத்தின் பாஸ்வேர்டு அவர் மகனிடம். நல்ல பையன், மரியாதையாகப் பேசுவான். நான் சப்டைட்டில் போடும் வேலை செய்கிறேன். பெரிய கோப்புகளை ராத்திரியில்தான் ஏற்றுவேன். ஒருநாள் படிக்கட்டில் பார்த்தபோது, "என்னக்கா, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் நெட் ஓடுது போல" என்றான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவன் வேறு என்னவெல்லாம் பார்க்க முடியும் என்று யோசித்தபோதுதான் எனக்கு விபிஎன் தேவைப்பட்டது. நான் மறைக்க விரும்பும் கண் எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடல் கடந்து இருக்கும் ஒரு விபிஎன் நிறுவனத்துக்கு நான் யார் என்பதில் அக்கறை கிடையாது. கீழ்தளத்துக்கு உண்டு. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ராத்திரி ரெண்டு மணிக்கு நான் விழித்திருக்கிறேன் என்பதை விபிஎன் மறைக்காது. என் லேப்டாப் எந்த நேரத்தில் எவ்வளவு தரவு அனுப்புகிறது என்பது அந்த ரவுட்டரில் இன்றைக்கும் தெரியும்.

கூகுளிடமிருந்து மறைய விபிஎன் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. கூகுள் கணக்கில் உள்ளே நுழைந்துகொண்டு ஐபி முகவரியை மாற்றுவதில் என்ன பயன்? குக்கி இருக்கிறது, போனில் ஜிபிஎஸ் இருக்கிறது. அதெல்லாம் இல்லாவிட்டாலும் திரையின் அளவு, எழுத்துருக்கள், நேர மண்டலம் எல்லாவற்றையும் கூட்டிப் பிரவுசரை அடையாளம் கண்டுவிடுகிறார்கள். இணைய உரிமைகளுக்காகப் போராடும் இஎஃப்எஃப் அமைப்பின் கவர் யுவர் டிராக்ஸ் பக்கத்தில் உங்கள் பிரவுசரைச் சோதித்துப் பாருங்கள். விளம்பரத் தடுப்பானும் நல்ல பிரவுசர் அமைப்பும் இந்த விஷயத்தில் எந்த விபிஎன்னையும்விட அதிகம் செய்யும்.

நம்பிக்கையை எப்படி அளப்பது என்பதில்தான் நான் நிறைய நேரம் செலவழித்தேன். முதலில் விமர்சனத் தளங்களைப் படித்தேன். எல்லாவற்றிலும் அதே நாலைந்து பெயர்கள், வரிசை மட்டும் மாறும். அதற்குக் காரணம், அவர்கள் லிங்க் வழியாக யாராவது வாங்கினால் கிடைக்கும் கமிஷன். அதைவிட ஆச்சரியம் யார் எதற்கு உரிமையாளர் என்பது. முன்பு கிராஸ்ரைடர் என்ற பெயரில் பிரவுசர் விளம்பரத் தொழிலில் இருந்த கேப் டெக்னாலஜிஸ், 2017-ல் சைபர்கோஸ்ட், 2019-ல் பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ், 2021-ல் எக்ஸ்பிரஸ்விபிஎன் என்று விபிஎன் நிறுவனங்களை வரிசையாக வாங்கியது. அதே 2021-ல் விபிஎன்மென்டார் என்ற பிரபல விமர்சனத் தளத்தை நடத்தும் நிறுவனத்தையும் வாங்கியது. நார்ட்விபிஎன்னும் சர்ஃப்ஷார்க்கும் 2022-ல் ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டன. இதெல்லாம் சட்டப்படி சரிதான். அந்த நிறுவனங்கள் மோசம் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் விற்பவரும் மதிப்பெண் போடுபவரும் ஒரே வீட்டுக்காரர் என்றால் அந்த மதிப்பெண்ணை வைத்து நான் எதையும் வாங்கமாட்டேன்.

அடுத்தது லாக், அதாவது வாடிக்கையாளர் பற்றிய பதிவு. எங்களிடம் எந்தப் பதிவும் இல்லை என்று எல்லாருமே எழுதிவைத்திருக்கிறார்கள். இதில் இரண்டு வகை உண்டு. எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது ஒரு பதிவு. எந்த ஐபியிலிருந்து, எப்போது இணைந்து எப்போது விலகினீர்கள் என்பது இன்னொன்று. முதலாவதை வைப்பதில்லை என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு இரண்டாவதை வைத்திருந்தால் போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். 2011-ல் லல்ஸெக் என்ற ஹேக்கர் குழுவின் வழக்கில் ஹைட்மைஆஸ் என்ற விபிஎன் நிறுவனத்தின் இணைப்புப் பதிவுகள் போலீஸ் கைக்குப் போனது இப்படித்தான். 2017-ல் அமெரிக்காவில் ஒரு பெண்ணை இணையத்தில் துன்புறுத்திய ஆளைப் பிடிக்க, பியூர்விபிஎன்னின் பதிவுகள் உதவியதாக எஃப்பிஐ நீதிமன்ற ஆவணத்திலேயே எழுதியது. அந்த ஆள் மாட்டியதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பதிவு வைப்பதில்லை என்று விளம்பரம் செய்த நிறுவனத்திடம் பதிவு எங்கிருந்து வந்தது? 2020-ல் இன்னும் மோசம். ஹாங்காங்கைச் சேர்ந்த யுஎஃப்ஓ விபிஎன் உள்ளிட்ட சில சேவைகளின் தரவுத்தளம் பூட்டே இல்லாமல் இணையத்தில் கிடந்தது. எதையும் பதிவு செய்வதில்லை என்று சொன்னவர்கள்தான் அவர்களும்.

மறுபக்கமும் இருக்கிறது. துருக்கியில் ரஷ்யத் தூதர் 2016 டிசம்பரில் கொல்லப்பட்ட வழக்கில் எக்ஸ்பிரஸ்விபிஎன்னின் சர்வர் ஒன்றை அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். அதில் உபயோகமாக எதுவும் கிடைக்கவில்லை. பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸிடம் கொடுக்க ஒன்றும் இல்லை என்பது அமெரிக்க நீதிமன்றத்தில் 2016-லும் 2018-லும் வெளிப்பட்டது. ஆனால் அது பழைய முதலாளி காலத்தில் நடந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2023 ஏப்ரலில் ஸ்வீடன் போலீஸ் தேடுதல் ஆணையோடு முல்வாட் என்ற விபிஎன் நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போய், எடுத்துக்கொள்ள எதுவும் இல்லாமல் வெறுங்கையோடு திரும்பியது. என்னைப் பொறுத்தவரை ஆயிரம் நட்சத்திர மதிப்பீடுகளைவிட இந்த மாதிரி ஒரு நிகழ்வு பெரிது. தணிக்கை அறிக்கைகளும் உதவும். ஆனால் தணிக்கை செய்தார்கள் என்ற வரியோடு நிற்காமல், எதைத் தணிக்கை செய்தார்கள், எப்போது என்று பாருங்கள். ஆப்பின் நிரலைச் சோதித்திருப்பார்கள், சர்வர் பக்கமே எட்டிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

எந்த நாட்டு நிறுவனம் என்பது பற்றி இணையத்தில் பெரிய சண்டையே நடக்கிறது. ஐந்து கண்கள் என்ற உளவுக் கூட்டணியின் நாடுகள் (அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து) வேண்டவே வேண்டாம் என்பார்கள். எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. வீட்டு உரிமையாளரின் மகனுக்கு எதிராக நான் உளவுத்துறைகளை எடைபோட வேண்டியதில்லை. ஆனால் சட்டம் நேரடியாகச் சேவையை மாற்றிவிடும் இடங்களும் உண்டு. இந்தியாவில் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவு, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐபி விவரங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றது. எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் மூன்றும் அங்கிருந்த சர்வர்களைக் கழற்றிக்கொண்டு கிளம்பிவிட்டன. ஆப்பில் வரும் நாடுகளின் பட்டியலில் இந்தியக் கொடி இருந்தாலும் சர்வர் வேறு நாட்டில் இருக்கலாம்.

இந்தக் கொடி விஷயத்தை வீட்டிலிருந்தே சோதிக்கலாம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்த் திரும்ப வேண்டும் என்பதால் ஒவ்வொரு 100 கிலோமீட்டருக்கும் குறைந்தது 1 மில்லிசெகண்ட் ஆகும். 10,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் சர்வர் 100 மில்லிசெகண்டுக்குள் பதில் சொல்லவே முடியாது. நான் சோதித்துப் பார்த்த ஒரு சேவையில், உலகத்தின் அடுத்த கோடியில் இருக்கும் நாட்டின் கொடி போட்ட சர்வர், பக்கத்து வீட்டில் உட்கார்ந்திருப்பது போல பிங்குக்கு (பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் சோதனை) பதில் சொன்னது. இது மெய்நிகர் இடம் என்று நிறுவனமே சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. இந்தச் சேவை சொல்லவில்லை. அத்தோடு அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

இலவச விபிஎன் பற்றி ஒரே வார்த்தையில் சொல்வதென்றால் வேண்டாம். அதற்குப் பின்னால் கதைகள் நிறைய. ஹோலா என்ற இலவச விபிஎன், இலவசமாகப் பயன்படுத்துபவர்களின் இணைப்பையே வெளியாட்களுக்கு வாடகைக்கு விட்டது 2015-ல் வெளியே வந்தது. ஃபேஸ்புக் 2013-ல் வாங்கிய ஓனாவோ, பாதுகாப்பு ஆப் என்ற பெயரில் மக்கள் என்னென்ன ஆப் பயன்படுத்துகிறார்கள் என்று வேவு பார்த்தது. அதற்காக 2023-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. 2024 மே மாதம் எஃப்பிஐ முடக்கிய 911 எஸ்5 என்ற வலையமைப்பு இதற்கெல்லாம் அண்ணன். மாஸ்க்விபிஎன், டியூவிபிஎன் போன்ற இலவச ஆப்களை நிறுவிய வீட்டுக் கணினிகளின் 1.9 கோடி ஐபி முகவரிகளைக் குற்றவாளிகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். யாரோ செய்த மோசடிக்கு உங்கள் வீட்டு முகவரி சாட்சி சொல்லும். 283 ஆண்ட்ராய்டு விபிஎன் ஆப்களை ஆராய்ந்து 2016-ல் வந்த ஆய்வில், 18 சதவீதம் எந்தக் குறியாக்கமும் செய்யவில்லை. 38 சதவீதத்தில் தீநிரலின் தடயம். விதிவிலக்காக ஒன்றைச் சொல்லலாம். காசு கொடுப்பவர்களின் பணத்தில் இலவசப் பிரிவை நடத்துவதாக வெளிப்படையாகச் சொல்லும் புரோட்டான்விபிஎன். நாட்டை நம் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுக்க முடியாது, ஆனால் விபிஎன் என்றால் என்ன என்று பழகிப் பார்க்கப் போதும்.

நான் கடைசியில் எடுத்தது முல்வாட். மின்னஞ்சல் கேட்பதில்லை, ஒரு கணக்கு எண் மட்டும் தருவார்கள். ஒரு மாதம் வாங்கினாலும் ஒரு வருடம் வாங்கினாலும் மாதக் கட்டணம் ஒன்றே. அதனால் ஓடும் கடிகாரம் இல்லை, தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் சந்தாவும் இல்லை. விமர்சகர்களுக்குக் கமிஷனும் கிடையாது. இதை எழுதுவதால் எனக்கு ஒன்றும் கிடைக்காது என்பதற்கு அதுவே அத்தாட்சி. குறையும் உண்டு. வெளிநாட்டுப் படத் தளங்களைத் திறக்க அது சரிப்படாது. போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து உங்கள் கணினிக்குள் வர வழி விடுவது) வசதியை 2023-ல் எடுத்துவிட்டார்கள், டொரன்ட்காரர்களுக்கு அதில் கோபம். படம் பார்க்கத்தான் விபிஎன் என்றால் நீங்கள் வேறு இடம் பாருங்கள். அதிலும் இன்றைக்குத் திறப்பது நாளைக்குத் திறக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதனால் மாதம் மாதமாக வாங்குங்கள்.

விபிஎன் எந்த முறையில் இணைய வேண்டும் என்று தேர்ந்தெடுக்க, புரோட்டோகால் என்ற பெயரில் ஆப்பில் ஒரு பட்டியல் இருக்கும். வயர்கார்ட் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைப் போடுங்கள். ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதியது, 2020 மார்ச்சில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 5.6-க்குள்ளேயே சேர்க்கப்பட்டது. மொத்த நிரலும் சுமார் 4,000 வரிதான் என்பதால் ஒரு ஆள் உட்கார்ந்து முழுக்கப் படித்துவிட முடியும். 2001 முதல் இருக்கும் ஓபன்விபிஎன்னும் நம்பகமானதுதான், ஆனால் மெதுவானது. அது டிசிபி என்ற இன்னொரு வகைப் போக்குவரத்திலும் ஓடும் என்பதால், யுடிபியை அடைத்துவைத்திருக்கும் இடங்களில் அதுதான் கைகொடுக்கும். பிபிடிபி என்று ஒன்று கண்ணில் பட்டால் அதைத் தொடாதீர்கள். அதன் கடவுச்சொல் முறை 2012-லேயே உடைக்கப்பட்டுவிட்டது.

ரவுட்டரிலேயே விபிஎன் போட்டால் டிவி உட்பட எல்லாக் கருவிக்கும் சேர்த்து ஒரே வேலையாக முடியுமே என்று தோன்றும். ரவுட்டருக்குள் இருக்கும் சின்ன பிராசசர் ஓபன்விபிஎன்னைத் தாங்காது, வேகம் பாதாளத்துக்குப் போகும். வயர்கார்ட் ஓரளவு தாங்கும். ஆனால் வீட்டில் எல்லாருக்கும் விபிஎன் வேண்டியிருக்காது. ஒருவருக்கு வங்கி ஆப் முரண்டு பிடிக்கும், இன்னொருவருக்குத் தேடல் பக்கத்தில் நான் ரோபோ இல்லை என்று படம் படமாக நிரூபிக்க வேண்டிவரும். என் லேப்டாப்பிலும் போனிலும் மட்டும் வைத்துக்கொண்டேன்.

போட்ட பிறகும் வேலை இருக்கிறது. முதலில் பிரின்டர் காணாமல் போனது. உள்வீட்டு நெட்வொர்க்கை அனுமதி என்ற சுவிட்சைப் போட்டதும் திரும்பி வந்தது. அப்புறம் வேலைக்கான தளம் ஒன்று பாதி மட்டும் திறந்துவிட்டு நின்றது. இதற்குக் காரணம் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. சாதாரணமாக ஒரு பாக்கெட்டில் 1500 பைட் போகும். உறைக்குள் உறை வைக்க இடம் வேண்டும் என்பதால் வயர்கார்ட் வழக்கமாக 1420 வரைதான் அனுப்பும். வழியில் எங்காவது அதற்கும் இடம் பத்தாவிட்டால் சின்னப் பாக்கெட்டுகள் போகும், பெரியவை தொலைந்துபோகும். அமைப்பில் 1280 என்று போட்டதும் தளம் முழுசாகத் திறந்தது. பாதி திறக்கும் தளங்களுக்கு இதை முதலில் முயன்று பாருங்கள். கஸ்டமர் கேரில் அழித்து நிறுவச் சொல்லுவார்கள், அது தேவைப்படாது.

விபிஎன்னைத் தாண்டி எதுவும் வெளியே போகிறதா என்று கசிவுச் சோதனையும் செய்துவிடுங்கள். ஐபி, டிஎன்எஸ், ஐபிவி6 (புதுவகை ஐபி முகவரி), வெப்ஆர்டிசி (பிரவுசரில் வீடியோ பேச்சுக்கான வழி) நான்கையும் காட்டும் இலவசப் பக்கங்கள் இருக்கின்றன. ஐபிவி6-ஐத்தான் பல சேவைகள் கோட்டைவிடும். விபிஎன் அறுந்தால் இணையத்தையே நிறுத்தும் கில் சுவிட்சை நம்பாமல் சோதித்துப் பாருங்கள். ஏதாவது பதிவிறக்கம் ஓடும்போது வைஃபையை அணைத்துப் போட்டு, விபிஎன் மறுபடி இணைவதற்குள் பாக்கெட் எதுவும் நேராக வெளியே போகிறதா என்று வயர்ஷார்க்கில் பார்த்தால் தெரிந்துவிடும்.

என் மாதிரி அடுத்தவர் ரவுட்டருக்குப் பின்னால் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. 2024 மே மாதம் லெவியதன் செக்யூரிட்டி என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள் டனல்விஷன் என்ற தாக்குதலை வெளியிட்டார்கள். ரவுட்டர் நமக்கு முகவரி கொடுக்கும்போது, இந்த இந்தப் போக்குவரத்து இந்த வழியாகப் போகட்டும் என்று பாதையையும் சேர்த்துச் சொல்ல, அந்த முகவரி கொடுக்கும் முறையான டிஎச்சிபியில் 121 என்று ஒரு விருப்பம் உண்டு. ரவுட்டரைக் கையில் வைத்திருப்பவர் அதைப் பயன்படுத்தினால் போக்குவரத்து விபிஎன்னுக்கு வெளியே இழுபட்டுவிடும். ஆப்போ இணைந்திருக்கிறது என்று பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருக்கும். ஆண்ட்ராய்டு அந்த விருப்பத்தையே மதிப்பதில்லை என்பதால் அதில் இந்தப் பிரச்சினை இல்லை. லேப்டாப்பில், விபிஎன் வழியாகப் போகாத எதையும் ஃபயர்வால் விதியால் தடுக்கும் சேவையாக இருக்க வேண்டும். கீழ்வீட்டுத் தம்பி இதெல்லாம் செய்யப்போவதில்லை. ஆனாலும் அந்த அமைப்பை இயக்கிவைத்திருக்கிறேன்.

அண்ணனுக்கு வருகிறேன். சொந்த இணைப்பு, சொந்த ரவுட்டர், பார்ப்பது வங்கி ஆப்பும் கிரிக்கெட்டும். மறைக்க வேண்டிய கண் எது என்று எத்தனை விதமாகக் கேட்டாலும் அவருக்குப் பதில் கிடைக்கவில்லை. உனக்கு வேண்டாம் அண்ணா என்றேன். பேச்சு வளர வளர அவருக்கு உண்மையில் வேண்டியது வேறு என்று தெரிந்தது. வேலைக்காக அடிக்கடி வெளியூர் போகிறார். வீட்டில் பழைய கணினியோடு இணைத்துவைத்த ஹார்டு டிஸ்க்கில் குடும்பப் படங்கள் இருக்கின்றன. வாசலில் கேமரா இருக்கிறது. இரண்டையும் வெளியிலிருந்து பார்க்க வேண்டும். அதற்கும் விபிஎன்தான், ஆனால் அது காசு கொடுத்து வாங்கும் விபிஎன் இல்லை. அலுவலகத்துக்கு வெளியே இருக்கும் ஆள் அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழையத்தான் இந்தத் தொழில்நுட்பமே முதலில் வந்தது. அண்ணனுக்கு அலுவலகம் இருக்கும் இடத்தில் வீடு.

கேமரா மாட்டியவர் ரவுட்டரில் ஒரு போர்ட் ஃபார்வர்டு போட்டுவிட்டுப் போயிருந்தார். அது வேலையே செய்யவில்லையாம். நல்லதாகப் போயிற்று. அப்படித் திறந்துகிடக்கும் கேமராக்களைத் தேடிப் பட்டியல் போட ஷோடன் என்று ஒரு தேடுபொறியே இருக்கிறது. வேலை செய்யாததற்குக் காரணம் ரவுட்டரின் வெளி முகவரியைப் பார்த்ததும் புரிந்தது. 100.64-லிருந்து 100.127 வரைக்குமான முகவரிகள், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியை நிறைய வீடுகளுக்குப் பங்குபோடுவதற்காக 2012-ல் ஒதுக்கப்பட்டவை. அண்ணன் வீட்டுக்கும் அதில் ஒன்றுதான் கிடைத்திருந்தது. உள்ளிருந்து வெளியே போகலாம், வெளியிலிருந்து உள்ளே வர வழி இல்லை. ரவுட்டரில் வயர்கார்ட் சர்வர் வசதி இருந்தும் பிரயோசனம் இல்லை.

அதனால் டெயில்ஸ்கேல் என்ற சேவையைப் போட்டோம். உள்ளே ஓடுவது வயர்கார்ட்தான். இரண்டு முனையும் உள்ளிருந்து வெளியே எட்டி ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்ளும்படி நடுவில் ஒரு சர்வர் ஏற்பாடு செய்கிறது. ரகசியச் சாவிகள் அந்தந்தக் கருவியை விட்டு வெளியே போவதில்லை, நேரடிப் பாதை கிடைக்காமல் அவர்களுடைய சர்வர் வழியாகப் போனாலும் உள்ளே இருப்பதை அவர்களால் படிக்க முடியாது. பழைய கணினியில் ஒன்று, அண்ணன் போனில் ஒன்று, கணினி வழியாகக் கேமராவின் முகவரிக்கும் போகலாம் என்று ஒரு அமைப்பு. பழைய போர்ட் ஃபார்வர்டையும் அழித்தாயிற்று. போனை மாற்றினால் பழைய போனைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லியிருக்கிறேன். அண்ணி போனில் இன்னும் ஏற்றவில்லை, அடுத்த முறை போகும்போது செய்ய வேண்டும்.